தாளின் உச்சியில் ஓர் உ

சீன மொழி வகுப்பில் சேர்ந்திருக்கிறேன் என்று நான் சொன்னதும் சுகர் லேண்ட் ஆன்ட்டி கரண்டியைச் சாம்பாருக்குள்ளேயே விட்டுவிட்டார். அங்கிள் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தார். அந்த வீட்டில் டி.வி. சத்தம் குறைந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"சைனீஸா? ஏங்கண்ணு, ஹோட்டல் வெக்கப் போறியா?"

அங்கிள் என் அப்பாவோடு ஒரே கல்லூரி விடுதியில் இருந்தவர். எங்களைப் போலவே ஈரோட்டுக்காரர். எண்ணெய்க் கம்பெனி வேலைக்கு டெக்சாஸ் வந்து, ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் சுகர் லேண்டில் வீடு வாங்கி, புல்வெட்டும் மெஷின் வாங்கி, அப்படியே தங்கிவிட்டார். நான் ஹூஸ்டனில் வேதியியல் முதுகலை படிக்க வந்தபோது அப்பா என்னை அவர் பொறுப்பில்தான் விட்டார். சனிக்கிழமைகளில் காரில் வந்து அழைத்துப்போவார். ஞாயிறு மாலை ரசமும் பொரியலும் நிறைந்த பிளாஸ்டிக் டப்பாக்களோடு திரும்பக் கொண்டுவந்து விடுவார். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் சோறு போட்டவர் சொல்வதையெல்லாம் கேட்டாக வேண்டும் என்று எந்த டப்பாவின் மூடியிலும் எழுதியிருக்கவில்லை.

"ஹோட்டல் இல்லீங்க அங்கிள். சும்மா படிக்கிறேன்."

அந்தச் 'சும்மா'தான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. இரண்டாயிரம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் படுத்துவிடும் என்று பயந்துபோய், கையில் ஒரு டிகிரி இருந்தவனையெல்லாம் விமானத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சிவில் படித்தவன், விவசாயம் படித்தவன், மீன்வளம் படித்தவன், எல்லோரும் ப்ரோக்ராம் எழுதப் போனார்கள். மீனை விட்டுவிட்டு ஏனப்பா இங்கே வந்தாய் என்று அவனை யாரும் கேட்கவில்லை. என்னை மட்டும் கேட்டார்கள்.

ஆன்ட்டிக்கு வேறு கவலை. "நாளைக்கு மாப்பிள்ளை வீட்ல பொண்ணு என்ன படிச்சிருக்கான்னு கேட்டா, சைனீஸ்னா சொல்றது? உங்கம்மாவ நெனச்சுப் பாரு."

"சைனீஸ்னே சொல்லுங்க ஆன்ட்டி. பயந்து ஓடறவன் ஓடட்டும்."

ஆன்ட்டி சாம்பாரில் கரண்டியைத் தேட ஆரம்பித்தார்.

உண்மையில் எனக்குக் காரணம் இருந்தது. வெளியே சொல்கிற மாதிரியான காரணம் இல்லை, அவ்வளவுதான். எங்கள் ஆய்வகத்தில் என்னைத் தவிர எல்லோரும் சீனாவிலிருந்து வந்தவர்கள். நல்லவர்கள். ஆனால் நாள் முழுவதும் என் தலைக்கு மேலே சீனத்தில் பேசிக்கொள்வார்கள், திடீரென்று எல்லோரும் சேர்ந்து சிரிப்பார்கள். பிப்பெட் குழாயைக் கையில் பிடித்தபடி நான் மட்டும் மரம் மாதிரி நிற்பேன். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களோ என்று முதல் மாதம் சந்தேகம் வந்தது. இரண்டாம் மாதம் கோபம் வந்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டே தீருவது என்று மூன்றாம் மாதம் போய் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். சில பேர் அறிவுத் தாகத்தால் மொழி படிப்பார்கள். நான் வீம்புக்குப் படித்தேன். வீம்பைப் போல நீண்ட நாள் தாங்குகிற எரிபொருள் வேறு இல்லை என்று வேதியியல் படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

(அவர்கள் பேச்சில் எனக்கு முதன்முதலாக முழுசாகப் புரிந்த வாக்கியம், கடையில் முட்டைக்கோஸ் மலிவாகப் போட்டிருக்கிறார்கள் என்பது. அதற்கா அவ்வளவு சிரிப்பு என்று இன்றுவரை விளங்கவில்லை.)

வகுப்பு காலை எட்டு மணிக்கு. உள்ளே நுழைந்தபோது அத்தனை முகங்களும் திரும்பின. பெரும்பாலும் அமெரிக்காவிலேயே பிறந்த சீனப் பிள்ளைகள். நம் வீட்டுப் பிள்ளைகள் தமிழைக் காதில் வாங்கிக்கொண்டு இங்கிலீஷில் பதில் சொல்கிறார்களே, அதே ரகம். பேசினால் புரியும், எழுதப் படிக்கத் தெரியாது. சுலபமாக ஒரு 'ஏ' வாங்கலாம் என்று வந்தவர்கள். டீச்சர் பெய்ஜிங்கில் பள்ளிக்கூடம் நடத்திவிட்டு வந்த ஐம்பது வயது அம்மாள். கிராப் வெட்டிய தலை. அவரை எல்லோரும் லாவ்ஷி என்று கூப்பிட்டார்கள். ஆசிரியர் என்று அர்த்தம், ஆணானாலும் பெண்ணானாலும்.

முதல் வாரமே என்னை நிறுத்தி வைத்து, இந்த வகுப்பை விட்டுவிடுவது நல்லது என்றார். மற்றவர்களுக்கு வீட்டில் பேச ஆள் இருக்கிறது, உனக்கு வீட்டில் யார் பேசுவார்கள் என்று கேட்டார்.

"சுவர்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மறுநாளும் நான் வந்தேன், அதற்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. இப்படித்தான் எங்களுக்குள் ஆரம்பித்தது.

சுவரோடு நிஜமாகவே பேசினேன். வெங்காயம் நறுக்கும்போது, துணி காயவைக்கும் மெஷினுக்கு முன்னால் காத்திருக்கும்போது, ஒரே அசையை ஏற்றியும் இறக்கியும் நீட்டியும் வளைத்தும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அறைத் தோழி, உனக்குப் பேய் பிடித்திருக்கிறதா, வேப்பிலைக்கு டெக்சாஸில் எங்கே போவேன் என்றாள். நாக்கை மடக்கிச் சொல்லவேண்டிய ஓர் ஒலிக்கு அமெரிக்கப் பையன்கள் வாயைக் கோணிக்கொண்டு அல்லாடினார்கள். நான் நம்முடைய ழகரத்துக்குப் பக்கத்தில் நாக்கை வைத்துக்கொண்டு போகிற போக்கில் சொல்லிவிட்டேன். அன்று லாவ்ஷி என்னை ஏறிட்டுப் பார்த்தார். பாராட்டு என்று நினைக்கவேண்டாம். இவளுக்கு இது எப்படி வருகிறது என்ற சந்தேகப் பார்வை அது.

எழுதுவதுதான் பெரும்பாடு. கட்டம் போட்ட தாளில் ஒவ்வோர் எழுத்தையும் வரிவரியாக எழுதித் தினமும் கொடுக்கவேண்டும். கோடு எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறது, எது முதல், எது பிறகு, எல்லாவற்றுக்கும் சட்டம். தப்பினால் சிவப்பு மை. சிவப்பு மைக்கு நான் பழகிவிட்டேன். ஆனால் ஒவ்வொரு தாளின் உச்சியிலும், கட்டங்களுக்கு வெளியே, ஒரு சிவப்புக் கேள்விக்குறி வந்துகொண்டே இருந்தது. முதலில் எனக்கு அது எதற்கென்றே தெரியவில்லை. பிறகுதான் பார்த்தேன். அங்கே நான் போட்ட பிள்ளையார் சுழி இருந்தது.

நான் பெரிய பக்தை ஒன்றும் இல்லை. ஆனால் வெள்ளைத் தாளைப் பார்த்தால் என் கை முதலில் மேலே போய் ஓர் உ போட்டுவிட்டுத்தான் கீழே இறங்கும். கோயில் வாசலை மிதிக்காத என் அப்பாகூட மளிகைச் சீட்டில் உ போட்டுவிட்டுத்தான் துவரம்பருப்பு என்று எழுதுவார். அதை எழுதுவதாக நாங்கள் யாரும் நினைப்பதே இல்லை. எழுதப் போவதற்கு முன் தொண்டையைச் செருமிக்கொள்வது போல அது. கேள்விக்குறியை நான் கண்டுகொள்ளவில்லை. லாவ்ஷியும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அவர் பாட்டுக்குக் கேள்விக்குறி, என் பாட்டுக்கு உ. அப்படியே இரண்டாம் வருடம் முடியப் போனது.

அந்த வசந்தத்தில் என் வேதியியல் பட்டமும் முடிகிற தறுவாயில் இருந்தது. மாணவர் விசாவில் இருப்பவள் அடுத்து என்ன என்று சொல்லியாக வேண்டும். ஆய்வகத்தில் தொடர எனக்கு மனமில்லை. எனக்குச் சீனம் வேண்டியிருந்தது. வீம்பு எப்போது ஆசையாக மாறியது என்று தெரியவில்லை, மாறிவிட்டிருந்தது. சீனத் துறைத் தலைவரைப் போய்ப் பார்த்தேன். நரைத்த தாடி வைத்த அமெரிக்கர். ஆண்டு முடிவுத் தேர்வில் தேறி மூன்றாம் ஆண்டு வகுப்பில் இடம் பிடித்தால், துறையே என்னை ஆராய்ச்சி மாணவியாக எடுத்துக்கொள்ளும் என்றார். பிடிக்காவிட்டால் கதவு மூடிக்கொள்ளும்.

இன்னொரு கதவை அங்கிள் அகலத் திறந்து வைத்திருந்தார்.

"ஜெர்சி சிட்டில நம்ம ஃப்ரெண்டு ஒருத்தர் கன்சல்டிங் கம்பெனி வெச்சிருக்காரு கண்ணு. ரெண்டு மாசம் ட்ரெய்னிங். பேங்க்ல ப்ராஜெக்ட். எச்-ஒன் விசா அவங்களே ஃபைல் பண்ணிருவாங்க. நான் பேசிட்டேன். சரின்னு ஒரு வார்த்தை சொல்லு."

"பரிச்ச எழுதிட்டுச் சொல்றனுங்க அங்கிள்."

"இதெல்லாம் வெளையாட்டில்ல. காத்துள்ளபோதே தூத்திக்கோணும்."

"எடம் கெடைக்கலீன்னா நீங்க சொன்ன எடத்துக்கே போயிர்றேன். கெடைச்சா இந்தப் பேச்சை விட்ரோணும்."

அங்கிள் என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். தோற்பேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. நான் ஒரு பேங்க்கின் பத்தாவது மாடியில் உட்கார்ந்து, ப்ரோக்ராமில் ஆண்டை இரண்டு இலக்கத்தில் போட்டிருக்கிறார்களா நான்கிலா என்று பார்த்துக்கொண்டிருப்பதை நினைத்தேன்.

தேர்வு நாள் வந்தது. அந்த ஆண்டு புது ஏற்பாடு. வீட்டில் சீனம் பேசுகிற பிள்ளைகளுக்குச் சலுகை காட்டுகிறார்கள் என்று முன்பு யாரோ புகார் செய்திருந்தார்கள். அதனால் தாளில் பெயர் எழுதக் கூடாது. யாருடைய தாள் என்று தெரியாமல் இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்துவார்கள், லாவ்ஷியும் தைவானிலிருந்து வந்த இன்னோர் ஆசிரியரும். கரும்பலகையில் சீனத்தில் எழுதிப் போட்டிருந்தது: விடையைத் தவிர வேறு எந்தக் குறியும் தாளில் இருக்கக் கூடாது, இருந்தால் அந்தத் தாள் செல்லாது. அதை நான் ஒரே மூச்சில் படித்தேன். ஒரு சொல்லும் இடறவில்லை. அகராதி இல்லாமல் ஒரு முழு அறிவிப்பு புரிந்துவிட்டதே என்று சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்திலேயே தாளை எடுத்து, உச்சியில் உ போட்டு, எழுத ஆரம்பித்தேன். ஒரு தாள் விடாமல் போட்டேன்.

இப்படி ஒரு தப்பை உலகத்தில் நம் ஆட்கள் தவிர வேறு யாரும் செய்ய முடியாது. குறி போடாதே என்பதைப் படித்துப் புரிந்துகொண்டு, பிள்ளையார் சுழி போட்டு அதற்குக் கீழ்ப்படிவது.

இரண்டு நாள் கழித்துத் துறைத் தலைவரின் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசையின் மேல் என் தாள்கள். ஒரு பக்கம் லாவ்ஷி, இன்னொரு பக்கம் தைவான் ஆசிரியர். மிடுக்காக டை கட்டிய மனிதர். தலைவர் ஒவ்வொரு தாளாகத் திருப்பி, உச்சியில் இருந்த உ-வை விரலால் தொட்டுக் காட்டினார். இது யாருடைய தாள் என்று திருத்துகிறவருக்குத் தெரிவிக்க வைத்த அடையாளம் இல்லையா என்று கேட்டார்.

தைவான்காரர்தான் கண்டுபிடித்திருப்பார் என்று அவரை முறைத்தேன். ஆனால் தாளைத் தூக்கிக் கொடுத்தது லாவ்ஷி. இது யாருடைய தாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, ஆகவே நான் இதைத் திருத்த முடியாது என்று அவரே போய்ச் சொல்லியிருக்கிறார். இரண்டு வருடம் என் உ-வைப் பார்த்துக் கேள்விக்குறி போட்ட கை அது. எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். என் விஷயத்தில் பிள்ளையாரைப் போட்டே குரங்காய் முடிந்துகொண்டிருந்தது.

தலைவர் இளகிய மனசுக்காரர். பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்ததாக இருக்கலாமே என்றார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், விட்டுவிடுவார்கள். அது அவர் முகத்தில் தெரிந்தது. மூன்றாம் ஆண்டு வகுப்பு அந்த ஒரு வார்த்தை தூரத்தில் நின்றது. அந்தப் பக்கம் ஜெர்சி சிட்டி.

நான் சின்னச் சின்னப் பொய்கள் நிறையச் சொல்லுகிறவள். வேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று வாராவாரம் அம்மாவிடம் பொய் சொன்னேன். இந்தப் பொய் மட்டும் வாயில் வரவில்லை. அதைக் கிறுக்கல் என்று என் வாயாலேயே சொல்லி இடம் வாங்கிக்கொண்டு, பிறகு எந்த முகத்தோடு அடுத்த தாளில் அதைப் போடுவேன்?

"கிறுக்கல் இல்லை" என்றேன்.

அப்படியென்றால் மத நம்பிக்கையா என்று கேட்டார். குரலில் ஒரு நிம்மதி. மதம் என்று சொல்லிவிட்டால் அமெரிக்காவில் மேற்கொண்டு யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள், விதிவிலக்குத் தந்துவிடுவார்கள். அதையும் நான் வேண்டாம் என்றேன். இது நம்பிக்கை இல்லை, கை என்றேன். தலைவர் தாடியைச் சொறிந்தார்.

அப்போதுதான் லாவ்ஷி வாயைத் திறந்தார். சீனத்தில் சொல், என்றார்.

என்னிடம் இருந்ததோ இரண்டாம் ஆண்டுச் சீனம். கடைக்குப் போக, வழி கேட்க, தலைவலிக்கு மருந்து வாங்க உதவுகிற சீனம். அதை வைத்துக்கொண்டு பிள்ளையாரை எப்படி விளக்குவது? நல்லவேளை, முதலாம் ஆண்டில் மிருகக்காட்சிசாலைப் பாடம் ஒன்று இருந்தது.

"ஒருவர் இருக்கிறார்" என்று ஆரம்பித்தேன். "அவருடைய தலை யானைத் தலை. நாங்கள் எழுதுவதற்கு முன்னால் அவருக்கு வணக்கம் சொல்வோம். என் அப்பா காய்கறி வாங்கப் போனாலும் சொல்வார். இந்த வணக்கம் அவருக்கு. உங்களுக்கு இல்லை, லாவ்ஷி."

தைவான்காரர் டையைச் சரிசெய்துகொண்டார். தலைவர் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். லாவ்ஷி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டாமே என்று எனக்குள் ஒரு குரல் கேட்டது. நான் அதைப் பேசவிடவில்லை.

"தாள் செல்லாது" என்றார் லாவ்ஷி. "விதி விதிதான்." அவர் நிறுத்தாமல் தொடர்ந்தார். "இப்போது கரும்பலகையில் எழுதட்டும். அவள் படிக்காத பாடத்தை நான் வாசிக்கிறேன். மூன்று பேரும் பார்ப்போம். யார் எழுதுகிறார் என்பதை மறைக்கவேண்டிய தேவை இங்கே இல்லை."

தைவான்காரர் ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"அந்தக் குறி மட்டும் வேண்டாம்."

பக்கத்து வகுப்பறைக்குப் போனோம். பலகை கருகருவென்று துடைத்து வைத்திருந்தது. சுண்ணக்கட்டியை எடுத்தேன். என் கை வழக்கம்போல மேலே போனது. அதைப் பாதியில் நிறுத்தினேன், அல்லது அதுவே நின்றது. அத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்த உ-வை நான் யோசித்தேன். போடாவிட்டால் பிள்ளையார் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. அவருக்கு என்னைவிடப் பெரிய வயிறு, எல்லாம் தாங்கும். போட்டால் இவர்கள் வெளியே போ என்று சொல்லலாம். அங்கிள் ஜெயித்துவிடுவார். எல்லாம் தெரிந்தது. கூடவே, இதுவரை அதைக் கைதான் போட்டுவந்தது, நான் ஒருமுறைகூடப் போட்டதில்லை என்பதும் தெரிந்தது.

போட்டேன். தாளில் போடுவதுபோல மூலையில் சின்னதாக இல்லை. நட்ட நடுவில், பெரிதாக, கடைசிக் கோட்டை நன்றாக இழுத்துவிட்டுப் போட்டேன். பிறகு லாவ்ஷியின் பக்கம் திரும்பி, நான் தயார் என்றேன்.

தைவான்காரர் லாவ்ஷியைப் பார்த்தார். தலைவரும் லாவ்ஷியைப் பார்த்தார். லாவ்ஷி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, புத்தகத்தைத் திறந்து, முதல் வாக்கியத்தை வாசித்தார்.

எழுதினேன். தோள்பட்டை வலிக்க வலிக்க எழுதினேன். ஒரு குடும்பம் மழையில் ரயிலைத் தவறவிடுகிற கதை. சில எழுத்துகள் வரவே இல்லை, அந்த இடங்களில் வட்டம் போட்டுவிட்டு மேலே போனேன். ஒரு கோடு முன்பின்னாக விழுந்தபோது லாவ்ஷி தொண்டையைச் செருமினார். நானே அழித்து எழுதினேன். முடிந்ததும் மூன்று பேரும் பலகையருகே போய்க் குசுகுசுவென்று பேசினார்கள். பேசியது புரிந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆய்வகத்தில் மரம் மாதிரி நின்றவளுக்கு, தன் தலையெழுத்தைப் பற்றிச் சீனத்தில் பேசியது முழுசாகப் புரிந்தது. தைவான்காரர், திமிர் பிடித்தவள் என்றார். லாவ்ஷி, ஆமாம், ஆனால் கோடுகளைப் பாருங்கள் என்றார்.

இடம் கிடைத்தது. அன்று மாலையே சுகர் லேண்டுக்குப் போன் போட்டேன்.

"அங்கிள், ஜெர்சி சிட்டிக்காரர்கிட்ட நான் வரலைன்னு சொல்லிருங்க."

"எப்படிக் கண்ணு பாஸ் பண்ணுன?"

"பிள்ளையார் சுழி போட்டுத்தானுங்க."

"அதானே பாத்தேன்" என்றார், எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி. பின்னால் ஆன்ட்டி, சனிக்கிழமை வருகிறாளா இல்லையா கேளுங்கள் என்று கத்துவது கேட்டது. வருகிறேன் என்றேன்.

மூன்றாம் ஆண்டு வகுப்பும் லாவ்ஷியுடையதுதான். அவர் என்னிடம் கூடுதலாக ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. ஆனால் தாளின் உச்சியில் கேள்விக்குறி வருவது நின்றுபோயிருந்தது. என் உ தனியாக, நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. நவம்பரில் ஒரு நாள் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் பாடத்தை மடிமேல் வைத்து எழுதிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் தாள் திரும்பி வந்தது. ஒரு பிழைகூட இல்லை. உச்சியில், கட்டங்களுக்கு வெளியே, ஒன்றுமே எழுதாத வெற்றிடத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

நான் ஒன்றும் விளக்கம் எழுதவில்லை. வட்டத்துக்குள் ஓர் உ போட்டு, தாளை அவர் மேசைமேல் வைத்துவிட்டு என் இடத்தில் போய் உட்கார்ந்தேன்.